பத்து வாரக் குழந்தைக்கு இழுப்பு. "வைரஸ்தான், மருந்து கிடையாது" என்கிறார் டாக்டர். நம்பலாமா?

கொடிவேரி | செவ்வாய், இரவு 10.40

மகளுக்குப் பத்து வாரம் ஆகிறது. ஞாயிறன்று மூக்கொழுகல், நேற்று இருமல். இன்று மாலை அவள் மூச்சை வெளியே விடும்போதெல்லாம் பக்கத்துத் தெருவில் யாரோ சீழ்க்கை அடிப்பதுபோல மெல்லிய சத்தம் வருகிறது. பால் குடிக்க ஆரம்பித்து நான்கு வாய் உறிஞ்சியதும் விட்டுவிட்டு அழுகிறாள்.

டாக்டர் நன்றாகத்தான் பார்த்தார். சட்டையைக் கழற்றச் சொல்லி, ஒன்றும் பேசாமல் ஒரு நிமிடம் அவள் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆக்சிஜன் 96. "மூச்சுச் சிறுகுழாயில் அழற்சி. பெரும்பாலும் ஆர்.எஸ்.வி. என்ற வைரஸாக இருக்கும். இதற்கு மருந்து கிடையாது. மூக்குக்கு உப்புநீர்ச் சொட்டு, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பால், மூச்சை எண்ணிப் பாருங்கள்" என்றார். சீட்டில் எழுதியது ஒரே வரி.

வீட்டில் மாமியார் கேட்கிறார்: "மருந்தே எழுதாதவருக்கு எதற்கு மாப்பிள்ளை பணம் கட்டினீர்கள்?" எனக்கும் பதில் தெரியவில்லை. ஆறாவது வாரத்தில் நிமோனியா ஊசி போட்டோமே, பிறகும் ஏன் வந்தது? ஆன்டிபயாடிக் வேண்டாமா? ஆவி மிஷின் வாங்கி வைக்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பனங்காட்டான் | செவ்வாய், இரவு 11.05

வேறு டாக்டரிடம் போங்கள். எங்கள் அண்ணன் மகனுக்கும் இதே இழுப்புதான். ஆன்டிபயாடிக் சிரப் கொடுத்தார்கள், மூன்றாம் நாள் எழுந்து சிரித்தான். மருந்து இல்லாத வியாதி உண்டா?

இரவுப்பணி | புதன், அதிகாலை 1.20

கொடிவேரித் தம்பி, நான் குழந்தைகள் வார்டில் செவிலியராகப் பதினான்கு ஆண்டுகளாக இருக்கிறேன். முதலில் எண்ணும் முறையைச் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பிறகு பேசலாம்.

குழந்தை தூங்கும்போதோ அமைதியாக இருக்கும்போதோ சட்டையை மேலே தூக்கிவிடுங்கள். வயிறு ஒருமுறை ஏறி இறங்கினால் ஒன்று. முழுதாக ஒரு நிமிடம் எண்ண வேண்டும். கால் நிமிடம் எண்ணி நான்கால் பெருக்காதீர்கள், சின்னக் குழந்தைகள் சீராக மூச்சு விடுவதில்லை. இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்கு 60, இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை 50, அதன்பின் ஐந்து வயதுவரை 40. இந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வேக மூச்சு. உங்கள் மகளுக்கு 50.

எண்ணிக்கையோடு நெஞ்சையும் பாருங்கள். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுகிறதா, மூக்குத் துவாரம் விரிகிறதா, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுகிறாளா? வழக்கமாகக் குடிக்கும் பாலில் பாதிதான் உள்ளே போகிறதா? பன்னிரண்டு மணி நேரமாகத் துணி நனையவில்லையா? இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உதடோ நாக்கோ நீலம் பாய்ந்தாலும், சில நொடிகள் மூச்சே நின்றுபோனாலும் நேராக 108. குறைமாதத்தில் பிறந்த சில குழந்தைகளுக்கு இருமல்கூட இருக்காது, மூச்சு நிற்பதுதான் முதல் அறிகுறியாக இருக்கும்.

நான்கு வாய் குடித்துவிட்டு அழுவதற்குக் காரணம் மூக்கடைப்பு. இந்த வயதில் அவர்கள் பெரும்பாலும் மூக்கால்தான் சுவாசிப்பார்கள். மூக்கு அடைத்தபடி பால் குடிக்கச் சொல்வது, தண்ணீருக்குள் மூழ்கிக்கொண்டு சாப்பிடச் சொல்வது மாதிரி. பால் கொடுப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு ஒவ்வொரு துவாரத்திலும் உப்புநீர்ச் சொட்டு விட்டு, இளகி வருவதைத் துடைத்தெடுங்கள். மருந்துக் கடையில் விற்பதையே வாங்குங்கள், வீட்டில் உப்பைக் கரைக்க வேண்டாம்.

பெரியவர்கள் விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி வீட்டில் இருந்தால் அதை இவள் விரலில் மாட்டி எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள், நிம்மதியும் அடையாதீர்கள். அந்தக் கிளிப் இந்த விரலுக்காகச் செய்தது அல்ல.

கொடிவேரி | புதன், அதிகாலை 1.50

எண்ணினேன் அக்கா. 46. மீண்டும் எண்ணினேன், 48. குழி விழவில்லை. சொட்டு விட்டபின் பத்து நிமிடம் தொடர்ந்து குடித்தாள்.

மலைக்கோட்டை மருத்துவர் | புதன், காலை 6.15

குழந்தை மருத்துவன். வெளி நோயாளிகள் வருவதற்குள் எழுதிவிடுகிறேன்.

சீட்டில் ஒரே வரி எழுதிய அந்த டாக்டரை எனக்குப் பிடித்திருக்கிறது. இந்த நோயில் எழுதாமல் இருப்பதற்குத்தான் துணிச்சல் வேண்டும்.

உள்ளே நடப்பது இதுதான். வைரஸ் மூக்கில் இறங்கி, இரண்டு மூன்று நாளில் நுரையீரலின் கடைசிக் கிளைகளுக்குப் போகிறது. அங்கே இருக்கும் குழாய்களின் உள்தோல் செல்களைக் கொல்கிறது. செத்த செல்கள், சளி, வீக்கம் மூன்றும் சேர்ந்து குழாயை அடைக்கின்றன. இளநீர்க் குழலின் வாயைப் பாதி நசுக்கிவிட்டு உறிஞ்சிப் பாருங்கள், கன்னம் குழிவிழும். ஒரு குழாயின் ஆரம் பாதியானால் அதன் வழியே காற்று போவதற்கான தடை இரண்டு மடங்கு ஆவதில்லை, பதினாறு மடங்கு ஆகிறது. உங்களுக்கோ எனக்கோ அதே அளவு வீக்கம் வந்தால் ஒரு வாரச் சளி. பத்து வாரக் குழந்தையின் குழாய் ஏற்கெனவே நூல் மாதிரி இருக்கிறது.

இப்போது மருந்துகளுக்கு வருவோம். ஆஸ்துமாவில் குழாயைச் சுற்றியிருக்கும் தசை இறுகுகிறது. ஆவி மிஷினில் விடும் சால்பூட்டமால் அந்தத் தசையைத் தளர்த்தும். இங்கே சிக்கல் தசையில் இல்லை, குப்பையிலும் வீக்கத்திலும் இருக்கிறது. ஸ்டீராய்டும் இந்த நோயில் பயன் தரவில்லை என்பது பல ஆய்வுகளில் தெரிந்துவிட்டது. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைக் கொல்லும், வைரஸைத் தொடாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமியின் 2014 வழிகாட்டுதல் இவை எதையும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்கிறது. உடம்பே குப்பையை அள்ளிச் சுத்தம் செய்யும். அதுவரை மூச்சும் நீர்ச்சத்தும் குறையாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம். ஆக்சிஜன், மூக்குவழிக் குழாயில் பால், தேவைப்பட்டால் நரம்பு வழியாகச் சொட்டுநீர். இதுவும் வைத்தியம்தான், பாட்டிலில் வருவதில்லை என்பது மட்டுமே குறை.

பனங்காட்டான் ஐயாவுக்கு: இந்த நோய் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரை ஏறும், பிறகு தானாக இறங்கும். மக்கள் பயந்து இரண்டாவது டாக்டரிடம் போவது நான்காம் நாள். அன்று சிரப் கொடுத்தால் ஏழாம் நாள் பேர் சிரப்புக்கு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. அந்த இரண்டாவது டாக்டராக நானே பலமுறை பேர் வாங்கியிருக்கிறேன்.

நிமோனியா ஊசி வீணில்லை. அது நியூமோகாக்கஸ் என்ற பாக்டீரியாவுக்கானது. ஆறாம் வாரம், பதினான்காம் வாரம், ஒன்பதாம் மாதம் என்று மூன்றையும் தவறாமல் போடுங்கள். இந்த வைரஸுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஆச்சி | புதன், காலை 9.30

நான் ஏழு பேரப் பிள்ளைகளை வளர்த்தவள். தலைக்கு ஊற்றி, சாம்பிராணிப் புகை காட்டி, வசம்பும் ஜாதிக்காயும் மாசிக்காயும் உரைத்து நாக்கில் தடவினால் நெஞ்சுக்கட்டு இளகிவிடும். இன்றைய பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மூச்சை எண்ணச் சொல்கிறீர்களே தவிர, யாராவது குழந்தைக்கு இதமாக ஏதாவது செய்யச் சொன்னீர்களா?

இரவுப்பணி | புதன், காலை 9.55

ஆச்சி, சிரிக்கவில்லை. நானும் உரைமருந்து குடித்து வளர்ந்தவள்தான். ஆனால் புகை வேண்டாம் அம்மா. சாம்பிராணி, கொசுவர்த்திச் சுருள், விறகடுப்பு, வாசலில் நின்று பிடித்துவிட்டு வரும் சிகரெட் எல்லாமே இந்தக் குழாய்க்கு ஒன்றுதான். வீங்கிய இடத்தை இன்னும் வீங்க வைக்கும். கற்பூரத்தை எண்ணெயில் கரைத்து நெஞ்சில் தடவுவதும் வேண்டாம், கற்பூரம் கைக்குழந்தைக்கு நஞ்சு, வலிப்பே வந்திருக்கிறது. மூக்கில் எண்ணெய் விட்டால் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஒரு வயதுக்குள் தேன் கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி குழந்தையின் குடலில் முளைத்துத் தசைகளைச் செயலிழக்க வைக்கும்.

இதமாக என்ன செய்வது என்று கேட்டீர்கள். மடியில் தலை சற்று உயர வைத்துப் பிடித்துக்கொள்வது. உங்களைப் போன்றவர்கள் செய்தால்தான் அது நன்றாக வரும். வீட்டில் இரண்டு இளையவர்கள் தூங்காமல் கிடக்கும்போது, இரண்டு மணி நேரம் குழந்தையை வாங்கிக்கொள்ளும் ஒரு பெரியவரைவிட எந்த மருந்தும் பெரிதில்லை.

ஆச்சி | புதன், காலை 10.10

அதைச் செய்வேன்.

பனங்காட்டான் | புதன், பிற்பகல் 2.00

சரி, ஆன்டிபயாடிக் வேண்டாம். இருமலுக்காவது ஒரு சளி சிரப் கொடுக்கலாமே? பிள்ளை இருமி இருமித் துவண்டுபோகிறது.

மலைக்கோட்டை மருத்துவர் | புதன், பிற்பகல் 3.40

கூடாது. சளி சிரப்பில் வழக்கமாகச் சேரும் குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின் கலவையை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்க வேண்டாம் என்று 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொன்னது. அதற்கு முன்பும் பின்பும் கடைகளில் கேட்டால் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. 2025-இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் சளி சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்திருந்தது. அது தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். அந்தக் குழந்தைகளில் பலருக்கும் முதலில் வந்தது தானாகச் சரியாகியிருக்கக்கூடிய சளியும் காய்ச்சலும்தான். இதைவிட அதிகமாக இதைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

தறிநெசவு | புதன், மாலை 5.15

2025 ஜனவரியில் சென்னையில் ஒருவருக்கும் சேலத்தில் ஒருவருக்கும் வந்தது என்று தொலைக்காட்சியில் அலறினார்களே, அந்த வைரஸா இது?

சோதனைக்குழாய் | புதன், மாலை 6.30

அது எச்.எம்.பி.வி., இதன் பங்காளி. 2001-இல் நெதர்லாந்தில் அடையாளம் கண்டார்கள். அதற்கும் பல்லாண்டுகளுக்கு முன்பிருந்தே மனிதர்களிடம் சுற்றிக்கொண்டிருந்தது. பேர் புதிது என்பதால் அலறினார்கள். ஆர்.எஸ்.வி. குழந்தைகளுக்கு அதைவிடப் பெரிய சுமை, ஆனால் அதற்கு யாரும் அலறுவதில்லை. இரண்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் ஒருமுறையாவது தொட்டுவிடுகிறது. 2019-ஆம் ஆண்டுக்கான உலகளாவிய மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் சுமார் ஒரு லட்சம் பேர் இதனால் இறந்தார்கள். அதில் ஏறத்தாழ 45 ஆயிரம் பேர் ஆறு மாதம்கூட நிறையாதவர்கள். நூற்றுக்கு 97 பேருக்கு மேல் நம்மைப் போன்ற நாடுகளில்.

கொடிவேரி, பயமுறுத்த எழுதவில்லை. தொற்றும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் வீட்டிலேயே தேறிவிடுகிறார்கள்.

கொடிவேரி | வியாழன், அதிகாலை 3.10

66. குழி விழுகிறது. கிளம்புகிறோம்.

இரவுப்பணி | வியாழன், அதிகாலை 3.12

போங்கள். வழியில் பால் கொடுக்க வேண்டாம். நிமிர்த்திப் பிடியுங்கள்.

ஆச்சி | வியாழன், காலை 7.00

என்ன ஆயிற்று தம்பி? ஒரு வரி எழுது.

கொடிவேரி | வியாழன், காலை 11.30

சேர்த்துவிட்டார்கள். போனபோது ஆக்சிஜன் 88. மூக்கில் இரண்டு சின்னக் குழல்கள், இரண்டு கன்னத்திலும் பிளாஸ்திரி. ஒரு கன்னத்துப் பிளாஸ்திரியில் யாரோ பேனாவால் நட்சத்திரம் வரைந்திருக்கிறார்கள். இப்போது 95. பால் இன்னொரு குழாய் வழியாகப் போகிறது. மனைவி கறந்து கொடுக்கிறாள், செவிலியர் ஊசிக்குழலைத் தூக்கிப் பிடிக்கிறார், அது தானாக இறங்குகிறது. பரிசோதனையில் ஆர்.எஸ்.வி. என்றே வந்தது. இங்கேயும் ஆன்டிபயாடிக் இல்லை. இந்தமுறை நான் கேட்கவும் இல்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. மூத்தவன் எல்.கே.ஜி. படிக்கிறான். போன வாரம் அவனுக்கு மூக்கொழுகியது. தங்கச்சிக்கு முத்தம் கொடுக்கிறான் என்று நான்தான் படம் எடுத்து உறவினர் குழுவில் போட்டேன்.

தறிநெசவு | வியாழன், நண்பகல் 12.10

அந்தப் படத்தை நினைத்து வருந்தாதீர்கள். எங்கள் வீட்டில் கொண்டுவந்தது நான். எனக்கு வெறும் தொண்டைக் கரகரப்பு, வேலைக்குக்கூட விடுப்புப் போடவில்லை. மகனுக்கு எட்டு நாள் ஆஸ்பத்திரி.

இரவுப்பணி | வியாழன், இரவு 9.40

வார்டில் நான் கேட்டவரை பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் ஓர் அண்ணனோ அக்காவோ பள்ளியிலிருந்து கொண்டுவந்ததாகத்தான் இருக்கும். மழை பிடித்த இரண்டு மூன்று வாரத்தில் எங்கள் கட்டில்கள் நிறைந்துவிடும். ஒருவரிடமிருந்து தொற்றி அறிகுறி தெரிய நான்கிலிருந்து ஆறு நாள், அதனால் உங்கள் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நான்கு வயதுப் பையன் தங்கையை முத்தமிடுவது குற்றமில்லை. இந்த வைரஸ் தொட்டில் கம்பி, கதவுக் கைப்பிடி போன்ற கடினமான பரப்புகளில் பல மணி நேரம் இருக்கும். கையில் அவ்வளவு நேரம் இருக்காது, ஆனால் கை கண்ணுக்கோ மூக்குக்கோ போவதற்குள் இறக்காது. அதன் மேலுறை கொழுப்பு, சோப்பு பட்டால் கரைந்துவிடும். பையனுக்குக் கைகழுவக் கற்றுக்கொடுங்கள். அவன் காதுபட "உன்னால்தான்" என்று மட்டும் யாரையும் சொல்ல விடாதீர்கள். பெரியவர்கள் நன்றாகவே சொல்வார்கள்.

பனங்காட்டான் | வெள்ளி, காலை 8.20

எனக்கு ஒரு சந்தேகம், வம்புக்குக் கேட்கவில்லை. கொரோனாவுக்கு ஒரே ஆண்டில் தடுப்பூசி கண்டுபிடித்தார்கள். இத்தனை குழந்தைகளைக் கொல்லும் இதற்கு இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? ஏழைக் குழந்தைகள் என்ற அலட்சியமா?

சோதனைக்குழாய் | வெள்ளி, இரவு 8.45

அலட்சியமும் உண்டு. ஆனால் கதை அதைவிடச் சோகமானது.

1956-இல் அமெரிக்காவில் ராணுவ ஆய்வகம் ஒன்றில் சிம்பன்சிகளுக்குச் சளி பிடித்தது. அதிலிருந்து எடுத்த வைரஸுக்கு "சிம்பன்சி சளிக் கிருமி" என்றே பேர் வைத்தார்கள். அடுத்த ஆண்டே ராபர்ட் சானக் என்பவர் பால்டிமோரில் நோயுற்ற குழந்தைகளிடமிருந்தும் அதே வைரஸை எடுத்தார். தொற்றிய செல்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டி, பல கருக்கள் கொண்ட ஒரே கட்டியாகிவிடுவதைக் கண்ணாடித் தட்டில் பார்த்து இப்போதைய பேரை வைத்தார்கள்: ரெஸ்பிரேட்டரி சின்சிடியல் வைரஸ், சுருக்கமாக ஆர்.எஸ்.வி. அப்படி ஒட்டிய கட்டிக்குத்தான் சின்சிடியம் என்று பேர்.

1960-களின் நடுவில் வைரஸை ஃபார்மலின் என்ற ரசாயனத்தில் கொன்று தடுப்பூசி செய்து குழந்தைகளுக்குப் போட்டார்கள். போலியோவுக்கு அந்த வழி பலித்திருந்தது. இங்கே நேர்மாறாகிவிட்டது. வாஷிங்டனில் ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளில் பின்னர் வைரஸ் தொற்றியவர்களில் 80 சதவீதம் பேர் ஆஸ்பத்திரியில் சேர வேண்டியதாயிற்று. போடாதவர்களில் 5 சதவீதம். இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். பாதுகாக்கப் போட்ட ஊசி நோயை முற்றவைத்தது. அதன்பின் பல ஆண்டுகள் இந்த வைரஸுக்குக் குழந்தைத் தடுப்பூசி என்று யாரும் துணிந்து வாய் திறக்கவில்லை.

காரணம் மெல்லத்தான் புரிந்தது. வைரஸின் மேல் எஃப் என்ற புரதம் இருக்கிறது. அது எலிப்பொறி மாதிரி. செல்லைத் தொடும் முன் வில் இழுத்துப் பூட்டிய நிலையில் இருக்கும், தொட்டதும் படீரென்று விரிந்து செல்லோடு ஒட்ட வைக்கும். வைரஸைப் பிடித்து முடக்க உடம்பு உண்டாக்குவது எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி). நல்ல எதிர்ப்பொருள் பூட்டிய பொறியைத்தான் பிடிக்க வேண்டும். ஃபார்மலினில் கொன்ற வைரஸிலோ பொறி ஏற்கெனவே விரிந்துபோயிருந்தது. 2013-இல் ஜேசன் மெக்லெல்லன், பார்னி கிரஹாம் குழுவினர் பூட்டிய நிலையின் வடிவத்தைக் கண்டு, அது விரியாதபடி ஆணி அடிப்பதுபோல மாற்றியும் காட்டினார்கள். நீங்கள் சொன்னீர்களே, ஒரே ஆண்டில் வந்த கொரோனா தடுப்பூசி, அதன் கூர்முனைப் புரதத்தையும் இதே உத்தியில்தான் பூட்டினார்கள். மெக்லெல்லனும் கிரஹாமும் அதிலும் இருந்தார்கள். கொரோனா ஊசி ஒரு வருடத்தில் வந்தது என்று சொல்வது, வெட்டிய கிணற்றில் வாளியை விட்டவரைப் பார்த்து "ஒரு நிமிடத்தில் தண்ணீர் எடுத்தார்" என்பது மாதிரி.

2023-இல் அமெரிக்காவில் முதியவர்களுக்கும், பிறகு கர்ப்பிணிகளுக்கும் தடுப்பூசி வந்தது. தாய்க்கு 32 முதல் 36 வாரத்துக்குள் போட்டால் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. குழந்தைக்கே நேரடியாக எதிர்ப்பொருளைச் செலுத்தும் நிர்செவிமாப் என்ற ஒற்றை ஊசியும் அதே ஆண்டு அங்கே அனுமதி பெற்றது. உலக சுகாதார நிறுவனம் 2025-இல் இவ்விரண்டில் ஒன்றையாவது எல்லா நாடுகளும் கொண்டுவர வேண்டும் என்று பரிந்துரைத்தது.

பனங்காட்டான் | வெள்ளி, இரவு 9.30

எலிப்பொறி புரிந்தது. நன்றி தம்பி.

கொடிவேரி | திங்கள், மாலை 4.00

வீட்டுக்கு வந்துவிட்டோம். சனிக்கிழமை ஆக்சிஜனைக் குறைத்தார்கள், நேற்று எடுத்துவிட்டார்கள். இருமல் இன்னும் இருக்கிறது, இரண்டு மூன்று வாரம் இருக்குமாம். இன்று காலை ஒரே மூச்சில் பன்னிரண்டு நிமிடம் பால் குடித்தாள். மாமியார் சாம்பிராணித் தட்டை எடுத்துப் பரணில் வைத்துவிட்டார். யாரும் சொல்லவில்லை. சுற்றிப்போடுவது மட்டும் நடந்தது, அதில் புகை இல்லை என்பதால் நான் வாய் திறக்கவில்லை.

டாக்டர், இது பின்னால் ஆஸ்துமாவாக மாறுமா?

மலைக்கோட்டை மருத்துவர் | திங்கள், இரவு 10.20

இந்த வயதில் கடுமையாக வந்த குழந்தைகளில் சிலருக்கு அடுத்த சில ஆண்டுகளில் சளி பிடிக்கும்போதெல்லாம் இழுப்பு வருவது உண்டு. வைரஸ் குழாயைக் கெடுத்ததால் வருகிறதா, இயல்பிலேயே குறுகிய குழாய் உள்ள பிள்ளைகளுக்குத்தான் வைரஸும் கடுமையாகத் தாக்குகிறதா என்பதில் எங்களுக்குள்ளேயே சண்டை இருக்கிறது. இழுப்பு திரும்பத் திரும்ப வந்தால் காட்டுங்கள். இப்போதே பேர் சூட்ட வேண்டாம். பதினான்காம் வார ஊசி பாக்கி இருக்கிறது, மறக்காதீர்கள்.

புதுத்தந்தை | செவ்வாய், இரவு 12.35

இழையை முழுதும் படித்துவிட்டு எழுதுகிறேன். என் மகனுக்கு ஐந்து மாதம். மூன்று நாளாகச் சளி. தூங்கும்போது இப்போது எண்ணினேன், 58. சாயங்காலத்திலிருந்து பால் சரியாகக் குடிக்கவில்லை. மனைவி விடியட்டும் என்கிறாள். காலையில் போனால் போதுமா?

இரவுப்பணி | செவ்வாய், இரவு 12.37

இப்போதே.

புதுத்தந்தை | செவ்வாய், இரவு 12.41

கிளம்பிவிட்டோம்.